அரிப்பு கையில், காரணம் கல்லீரலில்

கேள்வி: எனக்கு வயது 46. தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறேன். எட்டு மாதமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது. சாயந்திரம் அடுப்பு மூட்டும்போது ஆரம்பித்தால் ராத்திரி இரண்டு மணி வரை விடாது. தோலில் சொறிந்த தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை. முதலில் சிரங்கு என்று சொல்லி வீட்டில் எல்லோருக்கும் லோஷன் தடவச் சொன்னார்கள். இரண்டு முறை தடவினோம். பிறகு ரத்தம் பார்த்ததில் கல்லீரலில் 'பிபிசி' என்று வந்தது. ஸ்கேனில் கல், அடைப்பு எதுவும் இல்லை. பிலிருபின் 1.1, அல்கலைன் பாஸ்ஃபடேஸ் 412. உர்சோ மாத்திரை 300 காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தைராய்டு மாத்திரை 50. அரிப்புக்கு ஒரு பவுடர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் காலையில் சேர்த்தே குடித்தேன். பலனும் இல்லை, வயிறும் கட்டிக்கொண்டது; பத்து நாளில் விட்டுவிட்டேன். இப்போது தினம் ஒரு செட்டிரிசின் போடுகிறேன். எடை 60 கிலோ. கருவாடு, கத்திரிக்காய் தொடாதே என்கிறார் மாமியார். எல்லாம் மனசுதான் என்கிறார் வீட்டுக்காரர். பிலிருபின் நார்மலாக இருக்கும்போது இவ்வளவு அரிக்குமா? இதற்கு மருந்தே இல்லையா?

பதில்: அரிக்கும் அம்மா. பிலிருபின் 1.1 உள்ளவருக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் போகலாம். கண் மஞ்சளாகி பிலிருபின் 10 தாண்டியவர் சொறியாமலும் இருக்கலாம். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் அரிப்பு எவ்வளவு என்பதற்கும் நேர்க்கணக்கு கிடையாது. ஆகவே மனசு என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். மருந்து இருக்கிறதா என்றால், ஒன்றல்ல, நாலைந்து இருக்கின்றன. உங்களுக்கு முதலில் கொடுத்ததும் சரியான மருந்துதான். குடித்த நேரம்தான் தவறிவிட்டது. இந்தப் பதிலில் பாதி அந்த நேரக் கணக்கைப் பற்றியே இருக்கும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பிபிசி என்பது பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ். கல்லீரலுக்குள் இருக்கும் மிகச் சிறிய பித்தநீர்க் குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி மெல்ல மெல்ல அழிக்கும் நோய். நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும்; தைராய்டு குறைவும் அடிக்கடி கூடவே வரும். 2015 வரை இதன் பெயரில் 'சிரோசிஸ்' என்ற சொல் இருந்தது. சிரோசிஸ் இல்லாதவர்களும் அந்தப் பெயரைக் கேட்டுக் கலங்கியதால் மாற்றினார்கள். பழைய சீட்டு எதிலாவது அந்தச் சொல் கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம். குடிக்கும் சாராயத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. கல்லீரல் நோய் என்றதும் தெருவில் ஒரு மாதிரியாகப் பார்ப்பவர்களிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

இந்தச் சிறு குழாய்கள் கெட்டால் (இது ஸ்கேனில் தெரியாது) பித்தநீரோடு வெளியேற வேண்டிய பொருள்கள் ரத்தத்துக்குத் திரும்புகின்றன. அவற்றில் சில, தோலில் உள்ள நரம்பு நுனிகளைக் கிளப்பிவிடுகின்றன. எந்தப் பொருள் என்பதில் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. பித்த அமிலங்களைச் சொல்கிறார்கள். 2010-இல் லைசோஃபாஸ்ஃபடிடிக் அமிலம் என்ற ஒரு கொழுப்புப் பொருளும், அதை உண்டாக்கும் ஆட்டோடாக்ஸின் என்ற நொதியும் கவனத்துக்கு வந்தன. உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருள்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் பட்டியலில் ஹிஸ்டமின் பெரிதாக இல்லை என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. கொசு கடித்தால் தடிப்பது ஹிஸ்டமின் வேலை. உங்களுக்குத் தடிப்பே இல்லையே. அதனால்தான் செட்டிரிசின், அவில் எல்லாம் தூக்கத்தைக் கொடுக்குமே தவிர அரிப்பின் வேரைத் தொடாது. ஒரு மாத்திரையோடு நிற்பதால் உங்களுக்குப் பெரிய கேடு வந்திருக்காது. ஆனால் பலன் இல்லையே என்று இரண்டு மூன்றாகக் கூட்டுகிறவர்கள் உண்டு. கல்லீரல் முற்றிய நோயாளிக்கு அந்த மயக்கம், கல்லீரல் கோளாறால் வரும் மூளை மந்தத்தை மறைத்துவிடும்.

சிரங்கு என்று நினைத்ததில் தப்பில்லை. அதுவும் ராத்திரியில்தான் அரிக்கும். ஆனால் சிரங்கில் விரலிடுக்கில் பொரி பொரியாக இருக்கும், வீட்டில் இன்னும் ஒருவராவது சொறிவார். கல்லீரல் அரிப்பில் தோல் முதலில் சுத்தமாக இருக்கும், பிறகு நகக்கீறல் மட்டும் தெரியும். மகளிடம் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். கை எட்டாத நடு முதுகு மட்டும் கீறலில்லாமல் பளிச்சென்று இருக்கும். (தோசைக் கரண்டியால் சொறிகிறவர்களுக்கு இந்த அடையாளம் பொருந்தாது.) சிரங்கு லோஷனை மறுபடி தடவ வேண்டாம், தோல்தான் காயும்.

இனி பவுடர். நீங்கள் குடித்தது கொலஸ்டிரமினாகத்தான் இருக்க வேண்டும். பாக்கெட்டில் பெயரைச் சரிபாருங்கள். ஒரு பாக்கெட்டில் மருந்து 4 கிராம். இது ரத்தத்துக்குள் போகாத மருந்து. குடலிலேயே தங்கி, பித்த அமிலத்தைப் பிசின் போலப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பிசினுக்கு ஆள் தெரியாது. கூட வரும் எதையும் பிடித்துக்கொள்ளும். உர்சோ மாத்திரையில் இருப்பதும் ஒரு பித்த அமிலம்தான். அதைப் பவுடரோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் ஒன்றையொன்று வீணாக்கும். தைராய்டு மாத்திரைக்கும் அதே கதி. பத்து நாள் மூன்றையும் சேர்த்துக் குடித்ததில் மூன்றுமே சரியாக வேலை செய்யவில்லை. வயிறு மட்டும் கட்டிக்கொண்டது. இதை 'பவுடர் கேட்கவில்லை' என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த மருந்துக்குத் தாவுவது அவசரம்.

பவுடருக்கு முன்போ பின்போ, மற்ற மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இன்னொன்று, முந்தைய ராத்திரி முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்த பித்தநீர், நாளின் முதல் சாப்பாட்டில்தான் மொத்தமாகக் குடலுக்கு இறங்கும். அந்தச் சமயத்தில் பவுடர் அங்கே காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று. (பித்தப்பையை அறுவையில் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த முன்–பின் கணக்கு அவ்வளவாகப் பயன்படாது.) சீட்டில் 'காலை உணவுக்கு முன்' என்று எழுதியிருப்பார்கள். இட்லிக் கடை நடத்துகிறவருக்குக் காலை உணவு எத்தனை மணிக்கு? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, வியாபாரம் முடிந்து, மிச்சம் இருப்பதை வாயில் போடும்போது பத்து மணி ஆகிவிடும். அந்தப் பத்து மணிதான் உங்கள் காலை உணவு. இது உங்களுக்கு அனுகூலமாகவே அமைகிறது.

நாலு மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். முக்கால் மணி நேரம் கழித்து டீ. பால் குறைவாக, கூட வடை, பிஸ்கட் இல்லாமல். ஒன்பதரைக்கு முதல் பவுடர். பத்து மணிக்குச் சாப்பாடு. பத்தரைக்கு இரண்டாவது பவுடர். பிறகு மதியம் மூன்று மணிக்குச் சாப்பாட்டோடு உர்சோ, இரவு ஒன்பதரைக்குச் சாப்பாட்டோடு மறுபடி உர்சோ. கால்சியம் மாத்திரை எழுதியிருந்தால் அதுவும் மூன்று மணிக்குத்தான். அதுவும் தைராய்டு மாத்திரையைக் கெடுக்கும். அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை உர்சோவோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. இந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்றபின் மாவு டப்பாவுக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கலுக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். முதல் நான்கு நாள் ஒன்பதரை மணிப் பாக்கெட் மட்டும். வயிறு பழகியபின் இரண்டாவது. நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு வேளைக் கீரை. அப்படியும் கட்டினால் ராத்திரி லாக்டுலோஸ் சிரப் 10 முதல் 15 மில்லி. தூளை அப்படியே வாயில் கொட்டக் கூடாது, தொண்டையில் அடைக்கும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் மேலாகத் தூவி, ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிறகு கலக்குங்கள். உடனே கலக்கினால் மணல் போலத் திரளும். இது கரைகிற தூள் இல்லை. நன்றாக ஊறினால் மாவுத் தண்ணீர் மாதிரி ஆகும், அவ்வளவுதான். நீர் மோரிலும் கலக்கலாம். சோடா, கலர் வேண்டாம், பொங்கி வழியும். குடித்தபின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடியுங்கள். வாயிலேயே வைத்திருந்தால் பல்லின் மேல்பூச்சு கெடும். எல்லா மெடிக்கலிலும் இது கையிருப்பில் இருக்காது. பெரிய மருத்துவமனையை ஒட்டிய கடையில் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவையுங்கள். கடைசிப் பாக்கெட் பிரித்த பிறகு தேடினால் நடுவில் ஒரு வாரம் வீணாகும்.

ஒழுங்காக இரண்டு வாரம் குடித்தால் பலன் தெரியும். தெரிகிறதா என்பதை ஞாபகத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். தினமும் படுக்கப் போகும்போது காலண்டரில் ஓர் எண் எழுதுங்கள்: அரிப்பே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. 'கொஞ்சம் பரவாயில்லை' என்று மருத்துவரிடம் சொல்வதைவிட 'எட்டிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறது' என்று சொன்னால் அவருக்கு அடுத்த அடி வைப்பது சுலபம். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் எண் கூடலாம். அதையும் குறித்துவைத்தால் மருந்து தோற்றுவிட்டது என்று தவறாக நினைக்கமாட்டீர்கள். நாளுக்கு நான்கு பாக்கெட் வரை, அதாவது 16 கிராம் வரை கூட்டலாம். ஆனால் அந்த முடிவு மருத்துவருடையது. மாதக்கணக்கில் குடிக்கும்போது கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையும். ஈறில் ரத்தம், அடிபடாமலே நீலத் திட்டு என்றால் கே குறைவாக இருக்கலாம். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உர்சோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிபிசிக்கு வழக்கமான அளவு, நாளுக்கு எடை கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். உங்கள் 60 கிலோவுக்கு 780 முதல் 900 வரும். நீங்கள் போடுவது 600. படிப்படியாகக் கூட்டும் எண்ணத்தில் மருத்துவர் குறைவாக ஆரம்பித்திருக்கலாம். சிலருக்கு உர்சோவே முதல் வாரங்களில் அரிப்பைக் கிளப்பும் என்பதால் அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றுபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. நேரடியாகவே கேளுங்கள்: "என் எடைக்கு 900 வேண்டாமா?" கேட்கும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டே கேளுங்கள். உர்சோ கல்லீரலைக் காக்கும் மருந்து. பித்தக்குழாய் கெடும்போது ரத்தத்தில் ஏறும் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதியைக் குறைக்கும். நோயின் வேகத்தைத் தடுக்கும். அரிப்பைத் தணிப்பதில் அது கெட்டி இல்லை. 'கல்லீரலுக்கு மாத்திரை போகிறதே, அரிப்பு தானாகப் போகும்' என்று சொல்லிக் காத்திருக்க வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அரிப்புக்குத் தனி மருந்து வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பவுடர் சரியான நேரத்தில், சரியான அளவில் போயும் எண் இறங்கவில்லை என்றால் அடுத்தது பெரும்பாலும் ரிஃபாம்பிசின். ஆம், டி.பி. மாத்திரைதான். இங்கே அந்தப் பெயருக்குள்ள பயம் கொஞ்சநஞ்சமல்ல. உங்களுக்கு டி.பி. என்று அர்த்தமில்லை, கல்லீரலும் குடலும் சில பொருள்களைக் கையாளும் விதத்தை இந்த மருந்து மாற்றுவதால் அரிப்பு குறைகிறது. 150 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள், பெரும்பாலும் 300 போதும், 600-க்கு மேல் போகமாட்டார்கள். சிறுநீர், கண்ணீர், வியர்வை எல்லாம் செம்மஞ்சளாகும். வெள்ளை ரவிக்கையில் கறை படியும். பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறு. சிலருக்கு இது கல்லீரலையே தாக்கும், அதுவும் ஆரம்பித்து வாரங்கள் கழித்து. ஆகவே தொடங்கும் முன்பும், பிறகு 2, 6, 12 வாரங்களிலும், அளவு மாற்றும்போதெல்லாம் கல்லீரல் பரிசோதனை வேண்டும். பிலிருபின் ஏற்கெனவே 2.5-ஐத் தாண்டியிருந்தால் மிகுந்த யோசனையோடுதான் கொடுப்பார்கள், உங்கள் 1.1 அந்த விதத்தில் வசதியானது.

அதற்கும் முன்னால் உண்மையான டி.பி. இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறக்கம், வீட்டில் யாருக்காவது டி.பி. என்று எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்வார்கள். உள்ளே டி.பி. ஒளிந்திருக்கும்போது ரிஃபாம்பிசினை மட்டும் தனியாகக் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போய், பிறகு வைத்தியமே கடினமாகிவிடும். இது எச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் கடையில் தரக் கூடாது, தரும்போது உங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள். டி.பி. நோயாளியா என்று கடைக்காரர் கேட்டால் சங்கடப்படாமல் 'கல்லீரல் அரிப்புக்கு' என்று சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைத்துவிடும், தைராய்டு மாத்திரையின் தேவையைக் கூட்டலாம். தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நால்ட்ரெக்சோன். குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை என்று கடையில் சொல்லுவார்கள். மறுபடி பெயரால் ஒரு வம்பு. உடம்பின் அபின் போன்ற பொருள்களை இது தடுக்கிறது. 50 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, அதாவது 12.5-இல் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை மெல்லக் கூட்ட வேண்டும். முதல் நாளே முழு மாத்திரை போட்டவர்களுக்குக் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, வியர்வை, புல்லரிப்பு என்று அபின் பழக்கத்தைத் திடீரென்று விட்டவர் படும் பாடெல்லாம் வந்து, மருந்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். இடுப்பு வலிக்கு டிரமடால் போடுகிறவர்கள், கோடீன் இருமல் சிரப் குடிக்கிறவர்கள் இதைத் தொடவே கூடாது. நான்காவது செர்ட்ராலின். மனச்சோர்வுக்கான மாத்திரை, அரிப்புக்கு 75 முதல் 100 மில்லிகிராம். பலன் தெரியச் சில வாரம் ஆகும். இதைக் கொடுத்தால் வீட்டுக்காரர் 'நான்தான் சொன்னேனே' என்பார். மூளையில் அரிப்புச் செய்தி போகும் பாதையை மட்டுப்படுத்தத்தான் கொடுக்கிறோம் என்று மருத்துவரே அவரிடம் சொல்லட்டும்.

இந்த வரிசையைக் கொஞ்சம் கலைத்துவிட்டது ஃபைப்ரேட் வகை மருந்து. ரத்தக் கொழுப்புக்குப் பல காலமாக இருப்பதுதான். பெசாஃபைப்ரேட் 400 மில்லிகிராம் மூன்று வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கு அரிப்பு பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு மட்டும். பிபிசியில் இது அல்கலைன் பாஸ்ஃபடேஸையும் இறக்கும் என்பதால், உர்சோவை முழு அளவுக்குக் கொண்டுவந்தும் உங்கள் 412 இறங்காவிட்டால் இதைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். சிறுநீரகம், தசைவலி இரண்டையும் கண்காணிக்க வேண்டும். இவை எதற்கும் மசியாத அரிப்புக்கு, குறிப்பிட்ட அலைவரிசைப் புற ஊதாக் கதிர் சிகிச்சை முதல் ரத்தத்தின் நீர்ப் பகுதியைச் சுத்திகரிப்பது வரை வழிகள் உண்டு. கல்லீரல் மற்ற வேலைகளை நன்றாகச் செய்தாலும்கூட, தாங்க முடியாத அரிப்பு ஒன்றுக்காகவே மாற்றுக் கல்லீரல் வைக்கலாம் என்பது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட காரணம். நீங்கள் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. 'அரிப்புதானே' என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பக்கத்திலேயே பழைய ஜெயில் சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. குடல்–கல்லீரல் நோய்ப் பிரிவு அங்கே உண்டு. ஓபி நாள் எது என்று முன்னதாகவே விசாரித்துவிட்டு, கடைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டுப் போங்கள்.

மருந்து வேலை செய்யும் வரை தோலைக் காப்பாற்ற வேண்டும். உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காது. திரிந்து தோலிலேயே ஒட்டிக்கொண்டு காயவைக்கும். போர் தண்ணீரில் குளித்தாலும் கடைசி இரண்டு குவளை மெட்ரோ தண்ணீராக ஊற்றுங்கள். வெந்நீர் ஊற்றும்போது சுகமாக இருக்கும், அரை மணியில் அரிப்பு இரட்டிப்பாகும். பச்சைத் தண்ணீர், பத்து நிமிடம், சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். பீர்க்கங்கூடு, கடலைமாவுத் தேய்ப்பு எதுவும் வேண்டாம். ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள் எண்ணெய்ப்பசை ஏற வேண்டும். கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி போதும். வெடித்த பாதத்துக்கு யூரியா 10 சதவீதக் கிரீம், வெடிப்பு ஆழமாக இல்லாவிட்டால். ஆழமென்றால் எரியும், முதலில் வாசலின்.

வாசலின், பாரஃபின் பூசுவதெல்லாம் ராத்திரி கடை மூடியபின்தான். பாரஃபின் ஊறிய துணியில் தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும், உங்கள் தொழில் அடுப்படியில். மாலைக் கடைக்கு முன் பிசுபிசுக்காத தண்ணீர் லோஷன் பூசுங்கள். மென்தால் 1 சதவீதத்துக்குள் கலந்த லோஷன் கிடைத்தால் நல்லது, குளிர்ச்சி நரம்பை ஏமாற்றும். அதற்காகத் தலைவலித் தைலத்தைத் தேய்க்காதீர்கள், அதில் மென்தாலும் கற்பூரமும் பல மடங்கு. கீறல் பட்ட தோல் எரிந்துபோகும். பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று கையுறை. அடுப்பின் அனலே அரிப்பைத் தூண்டும். முடிந்தால் மாலையில் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் மகனோ உதவியாளரோ நிற்கட்டும், நீங்கள் பொட்டலம் கட்டுங்கள். அரிப்பு ஏறும்போது குளிர்ந்த தண்ணீர் நிறைத்த எவர்சில்வர் டம்ளரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள்; நகம் போடுவதைவிட அழுத்துவது தோலுக்கு நல்லது. ஐஸ் என்றால் துணியில் சுற்றி ஐந்து, பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

ராத்திரிக்கு நைலான் நைட்டியை விட்டுப் பருத்திக்கு மாறுங்கள். பாயின் முரட்டுத்தனமும் உறுத்தும், மேலே பழைய காட்டன் புடவையை நாலாக மடித்து விரியுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி அரத்தால் தேய்த்து, மெல்லிய பருத்திக் கையுறை போட்டுத் தூங்குங்கள். தூக்கத்தில் சொறிவதைத் தடுக்க முடியாது, காயத்தைத் தடுக்கலாம். கத்திரி வெயில் நாள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுப்பவர்கள், நனைத்துப் பிழிந்த துண்டை முழங்காலிலிருந்து பாதம் வரை சுற்றி ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் வைத்தால் முதல் தூக்கம் பிடிக்கும்.

கடையில் கேட்டு வாங்கும் 'மூன்று மருந்து கலந்த' அரிப்புக் களிம்புகளைத் தவிருங்கள். அதிலிருப்பது பெரும்பாலும் கடும் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதமாகிவிடும். ஊசி போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். பிபிசி உள்ளவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலியும், ஸ்டீராய்டு அதை இன்னும் கரைக்கும்.

மாமியார் சொல்லும் கரப்பான் பண்டம் பற்றி. கருவாடு, கத்திரிக்காய், இறால் சாப்பிட்டுத் தோல் தடிக்கிறவர்கள் உண்டு, அது ஒவ்வாமை. உங்கள் அரிப்பு அந்த வழியில் வரவில்லை. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீனை நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான், கல்லீரல் நோயில் புரதம் தேவை. கருவாட்டில் உப்பு அதிகம். வயிற்றில் நீர் கோத்தவர்கள் அந்தக் காரணத்துக்காகத் தவிர்க்கலாம், உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கீழாநெல்லி அரைத்துக் குடி என்றும் சொல்வார்கள். இந்த அரிப்பைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சீந்தில் கொடியும் சீந்தில் மாத்திரையும் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதினார்கள். தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம், பிபிசி அந்த வகை. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை, செறிவூட்டிய மஞ்சள் கேப்சூல் வேண்டாம்.

உங்களைப் போலவே உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு கர்ப்பிணி ஒருவருக்குக் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் எங்கள் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே மகப்பேறு மருத்துவரிடம் போய்ப் பித்த அமிலப் பரிசோதனை கேட்க வேண்டும். அது லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து கூடும்.

தூக்கமில்லாத எட்டு மாதம் யாரையும் உடைத்துவிடும். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். அடுத்த ஓபியில் அதை மறைக்காமல் சொல்லுங்கள், அரிப்பின் கடுமையை எடைபோட அதுவும் ஓர் அளவு.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, மலம் சுண்ணாம்பு நிறமாவது, கறுப்பு மலம் அல்லது ரத்த வாந்தி, வயிறு வீங்குவது, பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் ஓபி நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சொறிந்த இடம் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் இரண்டு நாளுக்குள் காட்டுங்கள்.

ஓபிக்குப் போகும்போது காலண்டர் தாளையும், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், நெஞ்செரிச்சலுக்கு வாங்கியது, பெட்டிக்கடையில் வாங்கியது உட்பட. 900 உர்சோ பற்றிய கேள்வியை முதலில் கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் நெருக்கினால் மற்றவை அடுத்த முறைக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. பவுடரை மறுபடி எழுதிவாங்கிய நாளிலிருந்து பதினான்கு எண்கள் சேர்ந்ததும் திரும்பிப் போங்கள்.